உயரமானவர் பழகி முடித்தபின் வாங்கும் மோட்டார் சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்?

மண்வெட்டிக்குக் காம்பு போடும்போது வெட்டுகிறவரின் உயரத்தைப் பார்த்துத்தான் தச்சர் போடுகிறார். கலப்பையின் மேழியும் பிடிப்பவரின் இடுப்புக்கு ஒத்து வர வேண்டும். ஒத்து வராவிட்டால் ஒரு நாள் உழவிலேயே முதுகு சொல்லிவிடும். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, எட்டு பத்து ஆண்டுகள் நாள்தோறும் ஏறி இறங்கும் மோட்டார் சைக்கிளை மட்டும் நிறத்தையும் விலையையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லையும் பார்த்து வாங்கி விடுகிறோம்.

நடுத்தர உயரம் உள்ளவர்களுக்கு இதனால் பெரிய இடர்ப்பாடு இல்லை. நம் நாட்டில் அதிகம் விற்கும் வண்டிகள் அவர்களுடைய அளவுக்கே செய்யப்படுகின்றன. 6 அடியும் அதற்கு மேலும் வளர்ந்தவர்களுக்குத்தான் தொல்லை. அதிலும் இப்போதுதான் பழகிக் கொண்டிருக்கும் இளைஞராக இருந்தால், தனக்கு ஏற்படும் தடுமாற்றம் வண்டியின் அளவினால் வருகிறதா, தன் பழக்கக் குறைவினால் வருகிறதா என்று அவருக்கே தெரிவதில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். இரண்டு ஏக்கர் நஞ்சை, இரண்டு கறவை மாடு. தந்தையின் உயரம் 5 அடி 4 அங்குலம். மகன் 6 அடி 1 அங்குலம். மகன் எல்.எல்.ஆர். வாங்கி, தந்தையின் பழைய மொபெட்டிலும் சித்தப்பாவின் 100 சி.சி. வண்டியிலும் பழகுகிறான். குறுவை நெல் விற்ற பணத்தில் முன்பணம் கட்டி ஒரு வண்டி வாங்க வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். பையன் நெட்டையாக இருக்கிறானே, பெரிய வண்டியாக வாங்குங்கள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். எது வாங்கினாலும் ஓடும், மலிவானதை வாங்குங்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே அளந்து பார்க்காமல் சொல்லும் யோசனைகள். இந்தக் குடும்பம் எப்படி முடிவு செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

உயரம் வேறு, எடை வேறு

உயரமானவருக்குத் தேவை இடவசதி உள்ள வண்டி. கனமான வண்டி அல்ல. இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்து விடுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் எடை சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியின் எடை சுமார் 195 கிலோ. வித்தியாசம் 80 கிலோவுக்கு மேல். அதாவது ஒரு நெல் மூட்டையை எப்போதும் கூடவே தாங்கிப் பிடிப்பதற்குச் சமம். தார்ச் சாலையில் ஓடும்போது இந்த எடை தெரியாது. நின்றிருக்கும்போதும், திருப்பும்போதும், பின்னுக்குத் தள்ளும்போதும்தான் தெரியும். விவசாயியின் வண்டிக்கோ நின்று, திரும்பி, தள்ளும் வேலைதான் அதிகம்.

நீளமான கால் இருந்தால் கனமான வண்டியையும் தாங்கலாமே என்று கேட்கலாம். உலர்ந்த தரையில் ஓரளவு தாங்கலாம். மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் களிமண் வழுக்கும்போது காலின் நீளம் உதவாது. ஊன்றிய கால் வழுக்கினால் வண்டி சாய்ந்து கொண்டே போகும். ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்ட வண்டியை நிமிர்த்தும் வலு யாருக்கும் இல்லை. பழகி இரண்டு மாதமான கைகளுக்கு அது இன்னும் கடினம்.

ஆகவே பழகுகிறவர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு 110 முதல் 150 கிலோ வரை எடையுள்ள வண்டியோடு நிற்பது நலம். அந்த எடைக்குள்ளேயே கால் மடங்காமல் உட்கார இடம் தரும் வண்டியைத் தேட வேண்டும்.

இருக்கை உயரம் மட்டும் போதாது

கடையில் தரும் விவரத் தாளில் இருக்கையின் உயரம் மில்லி மீட்டரில் போட்டிருக்கும். அது தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் காட்டும். குள்ளமானவர்களுக்கு அது மிக முக்கியம். கால் தரையில் எட்ட வேண்டுமல்லவா?

உயரமானவருக்கு எந்த வண்டியிலும் தரை எட்டிவிடும். அவர் பார்க்க வேண்டியது வேறு. உட்காரும் இடம், கால் வைக்கும் மிதி, கை பிடிக்கும் ஹாண்டில்பார் ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள தூரம்தான் அவருக்கு முக்கியம். இந்த மூன்றும் ஒரு முக்கோணம். முக்கோணம் சிறியதாக இருந்தால் உடம்பு மடங்கும். இருக்கை உயரமாக இருந்தாலும் கால்மிதியும் கூடவே உயரமாக இருந்தால் கால் மடங்கித்தான் இருக்கும். ஒரே இருக்கை உயரம் உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று வசதியாகவும் மற்றொன்று தொல்லையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

வீட்டிலேயே அளவு எடுக்கும் முறை

கடைக்குப் போகும் முன் வீட்டில் உங்கள் கால் அளவை எடுத்துக் கொள்ளவும். சுவரில் முதுகு பட, செருப்பு இல்லாமல் நேராக நிற்கவும். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே, அதன் முதுகு மேல்பக்கம் இருக்குமாறு வைத்து, அது மேலே இடிக்கும் வரை தூக்கிப் பிடிக்கவும். இன்னொருவர் புத்தகத்தின் மேல் விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட வேண்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள தூரமே உங்கள் உட்கால் அளவு.

நம் எடுத்துக்காட்டில் உள்ள மகனுக்கு இது 87 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 785 மில்லி மீட்டர், அதாவது 78.5 சென்டிமீட்டர் உயர இருக்கையில் அவன் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுமையாகப் படிந்து, முழங்காலும் சற்று மடங்கியே இருக்கும். ஆள் உட்கார்ந்தவுடன் ஷாக் அப்சார்பர் அமுங்கி இருக்கை இன்னும் சிறிது இறங்கும். ஆகவே 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இருக்கை அவனுக்குப் பயம் தராது என்று தெரிந்து கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது ஒரு தையல் டேப்பையும் எடுத்துச் செல்லவும். நீங்கள் இப்போது ஓட்டும் வண்டியில் இருக்கையிலிருந்து கால்மிதி வரை உள்ள தூரத்தையும், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து ஹாண்டில்பார் பிடி வரை உள்ள தூரத்தையும் முன்கூட்டியே அளந்து ஒரு தாளில் குறித்துக் கொள்ளவும். பார்க்கும் ஒவ்வொரு வண்டியிலும் அதே இரண்டு அளவுகளை எடுத்து ஒப்பிட்டால் எது கூடுதல் இடம் தருகிறது என்று விளங்கிவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி அதன்மேல் உட்காரவும். நாள்தோறும் போடும் செருப்பு அல்லது பூட்ஸோடு போக வேண்டும். பிறகு கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவும்.

1. இரண்டு கால்களையும் மிதியில் வைத்துக் கொண்டு ஹாண்டில்பாரை இடது கோடி வரை திருப்பவும். பிறகு வலது கோடி வரை திருப்பவும். முழங்காலுக்கும் பிடிக்கும் இடையே குறைந்தது நான்கு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். இடித்தால் அந்த வண்டி வேண்டாம்.

2. முழங்கால்கள் பெட்ரோல் டாங்கின் பள்ளத்தில் அடங்குகின்றனவா என்று பார்க்கவும். டாங்குக்கு மேலே தூக்கிக் கொண்டோ, வெளியே விரிந்து கொண்டோ இருக்கக் கூடாது.

3. வலது பாதத்தைப் பிரேக் மிதிமேல் வைக்கவும். கணுக்காலை மேல்நோக்கி வளைக்காமல் பாதம் இயல்பாக இருக்க வேண்டும். பிறகு பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, பிரேக்கைத் தொடாமல் ஓய்வாக வைக்க முடிகிறதா என்று பார்க்கவும்.

4. இடது பாதத்தைக் கியர் மிதியில் வைக்கவும். முன்னும் பின்னும் மிதிக்கும் கியர் மிதியுள்ள வண்டிகளில் பெரிய பாதம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக் கொள்ளும். குதிகால் தெரியாமல் பட்டாலே கியர் மாறிவிடும்.

5. முதுகை நிமிர்த்தி, முழங்கையைச் சற்று மடக்கி ஹாண்டில்பாரைப் பிடிக்கவும். பிடிப்பதற்காகக் கூன வேண்டியிருந்தால் அரை மணி நேர ஓட்டத்தில் இடுப்பு வலிக்கும்.

6. அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கவும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொருட்படுத்த வேண்டாம். முதல் நிமிடத்தில் தெரியாத குறை பத்தாவது நிமிடத்தில் தெரியும்.

டிரைவிங் லைசென்ஸ் உள்ள உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. சோதனை ஓட்டத்தை அவர் ஓட்டிப் பார்க்கலாம். உட்கார்ந்து பார்க்கும் சோதனையை மட்டும் வண்டியை ஓட்டப் போகிறவரே செய்ய வேண்டும்.

இடம் போதாவிட்டால் என்ன கேடு?

முழங்கால் ஹாண்டில்பாரில் இடித்தால் வண்டியை முழுதும் திருப்ப முடியாது. நேரான சாலையில் இது தெரியாது. வரப்பு முடிந்து வாய்க்கால் கரையில் ஏறித் திரும்பும்போது தெரியும். பாதி திரும்பிய வண்டி மேற்கொண்டு திரும்பாமல் நேரே வாய்க்காலை நோக்கிப் போகும். பழகுகிறவர் பயந்து முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிப்பார். ஹாண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி உடனே சாயும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போடச் சொல்லும்போதும் இதே தொல்லைதான். கால் ஊன்றாமல் எட்டு போட வேண்டும். முழங்கால் இடிக்கிற வண்டியோடு போனால் நன்கு பழகியவரும் கால் ஊன்றி விடுவார்.

பிரேக் மிதியில் பாதம் ஓயாமல் படிந்திருப்பது இரண்டாவது கேடு. உயரமானவர்களிடம் இது மிகுதி. கால் மடங்கியிருப்பதால் பாதம் தானாகவே முன்னுக்குச் சென்று மிதியை அழுத்தும். பிரேக் கட்டை உரசிக் கொண்டே இருக்கும். டிரம் சூடாகும், கட்டை சீக்கிரம் தேயும், பெட்ரோல் கூடுதலாகும். பின் விளக்கு எப்போதும் எரிந்து கொண்டிருப்பதால், உண்மையில் பிரேக் போடும்போது பின்னால் வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வண்டி மைலேஜ் தரவில்லை என்று குறைப்படும் உயரமானவர்கள், முதலில் தங்கள் வலது பாதத்தைக் கவனிக்க வேண்டும்.

125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் இணைப்பு பிரேக் கட்டாயமாயிற்று. அத்தகைய வண்டிகளில் பின் பிரேக் மிதியை நன்கு அழுத்தினால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். ஆகவே மிதியில் தெரியாமல் பாரம் போடும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அதே நாள் முதல் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு கட்டாயமாயிற்று. அவசரத்தில் இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் இது காக்கும். பழகுகிறவருக்கு இது பெரிய துணை. பழைய வண்டி வாங்குவோர் இதை நினைவில் வைத்துக் கொள்ளவும்.

சில வண்டிகளின் அளவுகள்

தயாரிப்பாளர்கள் தரும் விவரப்படி ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் இருக்கை உயரம் 785 மில்லி மீட்டர். ஹெச்.எப். டீலக்ஸ் 805. பஜாஜ் பிளாட்டினா 100 வண்டிக்கு 807. இந்த மூன்றும் 120 கிலோவுக்கு உட்பட்டவை. பிளாட்டினாவின் அடிப்பாகம் தரையிலிருந்து 200 மில்லி மீட்டர் உயரத்தில் உள்ளது. ஸ்பிளெண்டருக்கு இது 165. மாட்டு வண்டித் தடம் விழுந்த பாதையில் இந்த 35 மில்லி மீட்டர் வித்தியாசம் பயன் தரும்.

புல்லட் 350 வண்டியின் இருக்கை உயரம் 805. அதாவது ஹெச்.எப். டீலக்ஸ் வண்டிக்கும் இதற்கும் இருக்கை உயரம் ஒன்றே. எடையில்தான் 80 கிலோ வித்தியாசம். பெரிய வண்டி என்றால் உயரமான வண்டி என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்ட ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் இருக்கை உயரம் 825. அடிப்பாக உயரம் 220. எடை ஏறத்தாழ 160 கிலோ. உயரமானவர்களுக்கு நல்ல இடம் தரும் வண்டி இது. ஆனால் விலை அதிகம், பெட்ரோலும் கூடுதல். பால் கேன் கட்டி ஓட்டுவதை மனத்தில் வைத்துச் செய்த வண்டியும் அல்ல. உயரத்துக்கு ஏற்றது என்பதற்காக மட்டும் இதை வாங்கினால் வேலைக்கு ஏற்றதாக இராது.

ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு அளவுகள் மாறக்கூடும். வாங்கும் நாளில் விவரத் தாளைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக் கொள்ளவும்.

பாரம் ஏற்றினால் கணக்கு மாறும்

கடையில் காலி வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பின்னால் பால் கேனோ புல் கட்டோ கட்டுகிறோம். நீண்ட கால் உடையவர் இயல்பாகவே இருக்கையின் பின்பக்கம் தள்ளி உட்காருவார். பாரம் கட்டியதும் அவர் முன்னுக்கு நகர்ந்து டாங்கை ஒட்டி உட்கார வேண்டியதாகும். அப்போது முழங்கால் மேலேறி ஹாண்டில்பாரில் இடிக்கும். ஆகவே உட்கார்ந்து பார்க்கும்போது, பின்னால் பாரம் இருப்பதாகவே நினைத்து ஒரு சாண் முன்னால் நகர்ந்தும் சோதனை செய்து பார்க்கவும்.

வண்டி தாங்கும் பாரம் எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கும். அந்த எடையில் ஓட்டுகிறவரின் எடையும் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள். உயரமான ஆள் 80 கிலோ இருப்பார். 40 லிட்டர் பால் மட்டும் 41 கிலோ. கேனின் எடை வேறு. 130 கிலோ தாங்கும் வண்டியானால் இதோடு கணக்கு முடிந்தது. தவிட்டு மூட்டைக்கு இடமில்லை.

பாரத்தைப் பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிடக் கூடாது. ஓட்டுகிறவரும் பின்தள்ளி உட்கார்ந்து, பாரமும் பின்னால் இருந்தால் முன் சக்கரம் இலேசாகி, ஹாண்டில்பார் ஆடும். இரு பக்கமும் சமமாக, கூடியவரை தாழ்வாகவும் முன்னாகவும் கட்ட வேண்டும். பாரத்துக்கு ஏற்ப டயர் காற்றையும் கூட்ட வேண்டும். எவ்வளவு காற்று என்பது செயின் மூடியின் மேலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும்.

தந்தையும் மகனும் ஒரே வண்டியில்

பெரும்பாலான வீடுகளில் வண்டி ஒன்றுதான். 5 அடி 4 அங்குலத் தந்தையும் 6 அடி 1 அங்குல மகனும் அதையே ஓட்ட வேண்டும். மகனுக்காக இருக்கையை உயர்த்தினால் தந்தைக்குக் கால் எட்டாது.

இதற்குத் தீர்வு இருக்கையின் வடிவத்தில் உள்ளது. மட்டமான, நீளமான ஒரே இருக்கை உள்ள வண்டியில் குள்ளமானவர் முன்னால் உட்காரலாம், உயரமானவர் பின்னால் தள்ளி உட்காரலாம். ஓட்டுகிறவருக்குப் பள்ளமும் பின்னால் உட்காருகிறவருக்கு மேடுமாகப் படி வைத்துச் செய்த இருக்கையில் இது முடியாது. எல்லோரும் ஒரே இடத்தில்தான் உட்கார வேண்டும். பார்க்க அழகாக இருந்தாலும் குடும்ப வண்டிக்கு அது ஆகாது. முன்பக்கம் குறுகலாக உள்ள இருக்கையும் தந்தைக்கு உதவும். குறுகலான இடத்தில் கால் நேராகக் கீழே இறங்கும் என்பதால் தரை எளிதில் எட்டும்.

எந்த வண்டியானாலும் தந்தையும் உட்கார்ந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

செய்யத்தக்க சிறு மாற்றங்கள்

வாங்கிய வண்டியிலும், ஏற்கனவே வைத்திருக்கும் வண்டியிலும் செலவில்லாமல் சில திருத்தங்கள் செய்யலாம்.

ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, அதைச் சற்று முன்னுக்கோ பின்னுக்கோ சாய்க்க முடியும் வண்டிகள் உண்டு. முன்னுக்குச் சாய்த்தால் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். கிளட்ச், பிரேக் பிடிகளையும் விரல்களும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் வருமாறு திருப்பி வைக்கலாம். கியர் மிதியை அதன் தண்டில் ஒரு பல் மேலோ கீழோ மாற்றிப் பொருத்தலாம். பிரேக் மிதியின் உயரத்தைச் சரிசெய்யும் திருகு இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். டிரம் பிரேக் மிதி பிடிக்கத் தொடங்கும் முன் 20 முதல் 30 மில்லி மீட்டர் வரை தளர்வாக அமுங்க வேண்டும். கிளட்ச் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லி மீட்டர் தளர்வு இருக்க வேண்டும். இவற்றை மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்வதே நலம். திருத்தியபின் ஹாண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பி, கம்பிகள் இழுபடவில்லை என்று பார்த்துக் கொள்ளவும்.

தனி ஒருவரே ஓட்டும் வண்டியானால் இருக்கையில் கெட்டியான நுரைப்பஞ்சு ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் சேர்த்துத் தைக்கலாம். காலுக்கு அந்த அளவு இடம் கிடைக்கும். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைப் படிப்படியாகக் கெட்டிப்படுத்தும் வசதி இருந்தால், எடை கூடியவர்கள் ஓரிரு படி ஏற்றிக் கொள்ளலாம்.

கால்மிதியை அறுத்து ஒட்ட வைப்பது, ஷாக் அப்சார்பரை நீளமானதாக மாற்றுவது, சேஸிஸில் கை வைப்பது ஆகியவற்றைச் செய்யக் கூடாது. தயாரிப்பாளர் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் தொகை கிடைப்பதிலும் வில்லங்கம் வரும். எல்லாவற்றையும்விட, ஒட்ட வைத்த கால்மிதி பாரத்தோடு போகும்போது முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

பழகுகிறவர் அறிய வேண்டிய விதிகள்

கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வாங்கிய 30 நாளுக்குப் பிறகே ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். கற்றுக் கொடுக்கும் லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தங்கையைப் பள்ளியில் விடுவதெல்லாம் லைசென்ஸ் வந்த பிறகுதான்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருக்கும் வேண்டும். வயல் பக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது. கீழே விழுந்தால் வரப்புக் கல்லும் தார்ச் சாலையும் தலைக்கு ஒன்றுதான்.

நெல் காயவைக்கும் களம் காலியாக இருக்கும் நாட்களில் பழகுவதற்கு நல்ல இடம். முதலில் கிளட்சை மட்டும் கொண்டு நடைவேகத்தில் ஓட்டப் பழக வேண்டும். பிறகு எட்டு போட வேண்டும். அதன் பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தப் பழக வேண்டும். கடைசியில் காலி கேனில் தண்ணீர் நிரப்பிக் கட்டி அதே பயிற்சிகளைச் செய்ய வேண்டும். உயரமானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கால் எளிதில் எட்டுவதால் ஓடும்போதே கால் ஊன்றும் பழக்கம் வந்துவிடும். இது கணுக்காலை முறித்துவிடும். வண்டி நின்ற பிறகே கால் இறங்க வேண்டும்.

செலவுக் கணக்கு

நாளொன்றுக்கு 30 கிலோ மீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 10,950 கிலோ மீட்டர். லிட்டருக்கு 60 கிலோ மீட்டர் தரும் வண்டிக்கு 183 லிட்டர் பெட்ரோல் ஆகும். 35 கிலோ மீட்டர் தரும் வண்டிக்கு 313 லிட்டர். வித்தியாசம் 130 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ஆண்டுக்கு 13,000 ரூபாய். பெரிய வண்டி வாங்கும் முன் இந்தத் தொகை எந்த வருமானத்திலிருந்து வரும் என்று யோசிக்க வேண்டும்.

கடனுக்கு வாங்குவோர் வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டு அறிய வேண்டும். 60,000 ரூபாய் கடனுக்கு 10 சதவீத வட்டி, மூன்று ஆண்டு என்று சொல்லி, முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுக்கும் வட்டி போட்டால் வட்டி 18,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 2,167 ரூபாய். நாம் மாதாமாதம் அசலைக் குறைத்துக் கொண்டே வருகிறோம். ஆனால் குறையாத அசலுக்கு வட்டி கட்டுகிறோம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 18 சதவீத வட்டிக்குச் சமம். 10 என்று சொன்னது 18 ஆகிறது. கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ குறையும் அசலுக்கு வட்டி போட்டுக் கடன் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யவும்.

தவணை மாதாமாதம் வரும். நெல் பணம் மாதாமாதம் வராது. பால் பணத்தில் கட்டக்கூடிய அளவுக்கே தவணையை வைத்துக் கொள்வது நலம்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

பழகுகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியும் தகுந்ததே. ஓரிரு முறை கீழே போட்டாலும் மனம் அதிகம் நோகாது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால், அது நீக்கப்பட்ட பிறகே முழுப் பணம் கொடுக்க வேண்டும். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் பார்க்கவும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரிக்கவும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடக் கூடாது. இன்ஷ்யூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை அடிபட்டு வளைந்த முன் ஃபோர்க் உள்ள வண்டி உயரமானவரையும் குள்ளமானவரையும் ஒன்றுபோலவே கீழே தள்ளும். நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

முடிவாக

நாம் எடுத்துக் கொண்ட குடும்பத்துக்கு வருவோம். நீண்ட மட்டமான இருக்கை, 80 சென்டிமீட்டரை ஒட்டிய இருக்கை உயரம், 120 கிலோவுக்கு உட்பட்ட எடை, முழங்கால் இடிக்காத ஹாண்டில்பார், பால் பணத்தில் கட்டக்கூடிய தவணை ஆகிய ஐந்தும் பொருந்தும் வண்டி எதுவோ அதுவே அவர்களுக்கு ஏற்றது. அதில் மூன்று ஆண்டு நன்றாக ஓட்டிய பிறகு, மகனுக்குப் பெரிய வண்டி வேண்டுமானால் அவன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கொள்ளட்டும். அதற்குள் கையும் காலும் பழகியிருக்கும்.

வண்டி எந்த நிறம் என்பது முதல் மழையில் சேறு பட்டதும் மறந்துவிடும். முழங்கால் இடிப்பது மட்டும் வண்டி இருக்கும் வரை மறக்காது. ஆகவே டேப்பை எடுத்துக் கொண்டு கடைக்குப் போங்கள். அளந்து, உட்கார்ந்து, திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.